உயரம் மட்டும் போதுமா? கூடைப்பந்தில் உடல் அளவுகள் சொல்வதும், கோலார் தங்க வயல் கவனிக்க வேண்டியதும்

கோலார் தங்க வயல்: கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய நாளிலிருந்து அந்த உயரம் மாறவில்லை. எனவே பள்ளி அணிக்கான தேர்வாக இருந்தாலும், அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வாக இருந்தாலும், சிறுவர் சிறுமியரின் உயரமே பெரும்பாலும் முதலில் பார்க்கப்படுகிறது. ஆனால், ஒருவர் எந்த இடத்தில் ஆட முடியும், யாரைத் தடுக்க முடியும் என்பதற்கு உயரம் மட்டுமே விடையாகாது என்பதைக் கடந்த பத்தாண்டு காலச் சர்வதேசக் கூடைப்பந்து தெளிவாகக் காட்டியுள்ளது.

பெருநகரங்களில் இது ஆட்ட நுணுக்கம் பற்றிய விவாதமாக மட்டும் இருக்கலாம். கோலார் தங்க வயல் போன்ற ஊர்களில் இது வாழ்வாதாரத்தோடும் தொடர்புடையது.

சுரங்கம் மூடிய ஊரும் விளையாட்டு ஒதுக்கீடும்

தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் கோலார் தங்க வயலில், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கப் பணிகள் முடிவுக்கு வந்தன. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை எனப் பரந்து கிடக்கும் இந்நகரத்தின் உழைப்பாளர்களில் பெரும் பகுதியினர், சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்புகின்றனர்.

சுரங்கம் இயங்கிய காலத்தில் கால்பந்து, ஹாக்கி, தடகளம் ஆகியவை இங்கு வேரூன்றின. கோலாரில் பிறந்த கென்னத் பவல், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 4x100 மீட்டர் தொடரோட்ட அணியில் ஓடியவர். 1965-இல் அர்ஜுனா விருது பெற்றவர். விளையாட்டு இப்பகுதிக்குப் புதிதல்ல.

இன்று இத்தகைய ஊர்களின் இளைஞர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரயில்வே, வங்கி, காவல்துறைப் பணிகள் நிலையான வாழ்க்கைக்கான வழிகளில் ஒன்றாக உள்ளன. இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் முன்னாள் தலைவியும், 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானவருமான சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தெற்கு ரயில்வேயில் பணியாற்றியபடியே சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர். இந்த வழியின் முதல் வாசலில் நிற்பது உயரத்தை அளக்கும் கோல். அங்கே தவறாகக் கணிக்கப்படும் ஒரு பிள்ளைக்கு மறு வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

ஐந்து இடங்கள், ஐந்து பொறுப்புகள்

மரபான கூடைப்பந்தில் ஐந்து இடங்கள் உண்டு. பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை வழிநடத்துபவர் பாயிண்ட் கார்டு. தொலைவிலிருந்து எறிபவர் ஷூட்டிங் கார்டு. வெளியிலும் உள்ளேயும் மாறி மாறி ஆடுபவர் ஸ்மால் ஃபார்வர்டு. வளையத்துக்கு அருகே வலிமையோடு ஆடுபவர் பவர் ஃபார்வர்டு. வளையத்தைக் காப்பவர் சென்டர். குள்ளமானவர் முதல் இடத்திலும் மிக உயரமானவர் ஐந்தாம் இடத்திலும் ஆடுவது நெடுங்கால வழக்கம்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் தடுப்பாட்டமே. பந்தைத் தட்டிச் செல்லும் கார்டைத் தடுக்க, தாழ்ந்து நின்று பக்கவாட்டில் விரைந்து நகரும் கால்கள் தேவை. வளையத்தருகே எறியப்படும் பந்தைத் தடுக்க, மேலே எட்டும் கைகள் தேவை. ரீபவுண்ட் பிடிக்க, எதிராளியை முதுகால் தள்ளி நிறுத்தும் எடையும் இடுப்பு வலிமையும் தேவை. இம்மூன்றும் ஒரே உடலில் அமைவது அரிது என்பதால்தான் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன.

உயரம் குறைந்தவர்களுக்குத் தடுப்பாட்டத்தில் இடமில்லை என்பது இதன் பொருளல்ல. அமெரிக்காவின் என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குள்ளமான வீரரான மக்ஸி போக்ஸின் உயரம் 5 அடி 3 அங்குலம். அவர் 14 பருவங்கள் அங்கு ஆடினார். பந்து தரையில் பட்டு எழும் கணத்தில் அதற்கு மிக அருகே இருந்தவை அவருடைய கைகள். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் 'ஸ்டீல்' கலையில் அவர் தேர்ந்து விளங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பந்தைத் தடுப்பது தலை அல்ல, கை

உயரம் என்பது தரையிலிருந்து தலை உச்சி வரை உள்ள அளவு. எறியப்படும் பந்தைத் தடுப்பதோ விரல் நுனி. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கழுத்து நீண்டும், மற்றொருவருக்குத் தோள் உயர்ந்து கை நீண்டும் இருந்தால், இரண்டாமவரின் விரல் நுனி பல செ.மீ. உயரத்தில் இருக்கும். இதனால்தான் என்.பி.ஏ. புதுமுக வீரர்களைப் பரிசோதிக்கும் முகாமில், காலணியின்றி நிற்கும் உயரத்தோடு, இரு கைகளையும் விரித்த அகலம், நின்றபடி கையை உயர்த்தி எட்டும் உயரம், எடை, உள்ளங்கை அளவு, குதிக்கும் உயரம், பக்கவாட்டு ஓட்ட நேரம் ஆகியனவும் பதிவு செய்யப்படுகின்றன.

பொதுவாக ஒருவரின் விரித்த கை அகலம் அவரது உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பலர் இந்தப் பொது விதியை மீறியவர்கள். தற்காப்பில் பெயர்பெற்ற கவாய் லெனர்டின் உயரம் 6 அடி 7 அங்குலம். கை அகலம் 7 அடி 3 அங்குலம். டிரேமண்ட் கிரீனின் உயரம் 6 அடி 6 அங்குலம்தான். கை அகலம் 7 அடிக்கு மேல். சென்டருக்குரிய உயரம் இல்லாமலேயே சென்டர்களைத் தடுத்து, 2016-17 பருவத்தின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை அவர் பெற்றார்.

உயரமும் கை நீளமும் கால் வேகமும் ஒருங்கே அமைந்தால் என்ன நிகழும் என்பதற்குப் பிரான்ஸின் விக்டர் வெம்பன்யாமா சான்று. ஏறத்தாழ 7 அடி 4 அங்குல உயரமும் 8 அடி கை அகலமும் கொண்ட அவர், என்.பி.ஏ.வில் ஆடிய முதல் பருவத்திலேயே பிளாக் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தார். அவர் வளையத்தருகே நின்றாலே எதிரணியினர் உள்ளே நுழையத் தயங்குகின்றனர். தொடாத பந்துகளையும் தடுத்துவிடும் இந்தத் தாக்கம் எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் முழுமையாகப் பதிவாவதில்லை.

உயரமும் பல காலம் சரியாகப் பதிவு செய்யப்படவில்லை. காலணியோடு அளப்பதும், ஓரிரு அங்குலம் கூட்டிச் சொல்வதும் வழக்கமாக இருந்தன. 2019-20 பருவம் முதல், காலணியின்றி அளந்த உயரத்தையே அணிகள் அளிக்க வேண்டும் என என்.பி.ஏ. கட்டாயமாக்கியது. பல வீரர்களின் உயரம் பட்டியலில் குறைந்தது. கெவின் டுரான்ட் இதற்கு நேர்மாறானவர். சென்டராக முத்திரை குத்தப்படாமல் ஃபார்வர்டாக அறியப்பட விரும்பிய அவர், பல ஆண்டுகள் தமது உயரத்தைக் குறைத்தே சொல்லி வந்தார். உயரம் என்ற எண் ஒருவரின் இடத்தை எவ்வளவு எளிதாகத் தீர்மானித்துவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

2015 ஜூன்: சத்னாம் சிங் சொல்லும் பாடம்

இந்தியாவைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மையத்தில் இருப்பவர் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங் பாமரா. லூதியானா கூடைப்பந்து அகாடமியில் பயின்று, 2010-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் பயிற்சிக்குச் சென்ற அவரது உயரம் 7 அடி 2 அங்குலம். 2015 ஜூன் இறுதியில் நடந்த என்.பி.ஏ. வீரர் தேர்வில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து இவ்வாறு தேர்வான முதல் வீரர் அவரே.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கோப்பையை வென்றிருந்தது. இறுதித் தொடரின் நடுவே அந்த அணி தனது உயரமான சென்டரை வெளியே உட்கார வைத்து, அவருக்குப் பதிலாக 6 அடி 6 அங்குல ஆந்த்ரே இகுவோடாலாவைத் தொடக்க அணியில் இறக்கியது. தொடரின் போக்கு மாறியது. இகுவோடாலாவே தொடரின் சிறந்த வீரரானார். ஐவரும் எறியக்கூடிய, ஐவரும் யாரையும் மாறித் தடுக்கக்கூடிய அணியே வெல்லும் என்ற எண்ணம் அதன் பின் வேகமாகப் பரவியது.

உயரம் சத்னாமுக்கு வாசலைத் திறந்துவிட்டது. அவர் உள்ளே நுழையும் வேளையில், வளையத்தருகே மட்டும் நிற்கும் மரபான சென்டருக்கான இடம் சுருங்கத் தொடங்கியிருந்தது. மெதுவாக நகரும் உயரமானவரை 'ஸ்கிரீன்' மூலம் வெளிவட்டத்துக்கு இழுத்து, வேகமான கார்டுக்கு எதிரே நிறுத்துவது எல்லா அணிகளின் உத்தியானது. சத்னாம் மேவரிக்ஸின் வளர்ச்சி அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் ஆடினார், என்.பி.ஏ. போட்டி எதிலும் களமிறங்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காக ஆடிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கனடா வீரர் சிம் புல்லரின் உயரம் 7 அடி 5 அங்குலம். அவர் அங்கு ஆடியது மூன்றே போட்டிகள்.

இதை இருவரின் தனிப்பட்ட தோல்வியாகப் பார்ப்பது பொருந்தாது. ஆட்டம் கேட்கும் உடல் அளவுகளின் பட்டியல் மாறியபோது, உயரத்தோடு கால் வேகமும் கட்டாயமாயிற்று.

பெங்களூரில் கிடைத்த எதிர்ச் சான்று

கோலார் தங்க வயலுக்கு மிக அருகே, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில், 2019 செப்டம்பரில் மகளிர் ஆசியக் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் உயரம் மிகுந்த சீன அணியை ஜப்பான் 71-68 என வென்று, தொடர்ந்து நான்காவது முறையாகப் பட்டம் பெற்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில், 193 செ.மீ. உயரமுள்ள தனது முன்னணி வீராங்கனை ராமு டோகாஷிகி காயத்தால் விலகிய நிலையிலும் ஜப்பான் வெள்ளி வென்றது. பங்கேற்ற அணிகளில் உயரம் குறைந்தவற்றில் ஒன்று அது. அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 162 செ.மீ. உயரமுள்ள ருய் மாச்சிடா 18 அசிஸ்டுகள் வழங்கி ஒலிம்பிக் சாதனை படைத்தார்.

பயிற்சியாளர் டாம் ஹோவாஸின் திட்டம் எளிமையானது, உடலுக்கோ கடுமையானது. எதிரணியின் உயரமானவருக்குப் பந்து சென்று சேர்வதற்கு முன்பே, பந்தைக் கொண்டு வருபவரை முழுக் களத்திலும் நெருக்க வேண்டும். உயரமானவருக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் நின்று, பந்து வரும் பாதையை அடைக்க வேண்டும். அவர் பந்தைப் பெற்றுவிட்டால் இருவர் சூழ வேண்டும். தாக்குதலில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஐவரும் விரிந்து நின்று, எதிரணியின் உயரமானவரை வளையத்தைவிட்டு வெளியே வரச் செய்ய வேண்டும். வளையத்திலிருந்து 6.75 மீட்டர் தொலைவு வரை ஓடி வந்து தடுக்க வேண்டியிருக்கும்போது, அவரது உயரம் அவருக்கே சுமையாகிறது.

இந்தியாவுக்கும் இதே அரங்கில் ஒரு நல்ல நினைவு உண்டு. 2017-இல் இங்கு நடந்த ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு இறுதிப் போட்டியில், இந்திய மகளிர் கசகஸ்தானை 75-73 என வென்றனர்.

ஆயினும் இந்தச் சான்றுகளை மிகைப்படுத்திவிடக் கூடாது. 2023 ஆசியக் கோப்பை இறுதியில் ஜப்பானை 73-71 என வென்று சீனா பழி தீர்த்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பான் மகளிர் தங்கள் பிரிவின் மூன்று போட்டிகளிலும் தோற்றனர். அதே ஒலிம்பிக்கின் ஆடவர் பிரிவில், 172 செ.மீ. உயரமுள்ள யுகி கவாமுரா 29 புள்ளிகள் எடுத்தும், வெம்பன்யாமா ஆடிய பிரான்ஸிடம் ஜப்பான் கூடுதல் நேரத்தில் 90-94 எனத் தோற்றது. குள்ளமான அணி வெல்ல, அனைத்தும் சரியாக அமைய வேண்டும். உயரமான அணிக்குச் சில தவறுகள் செய்யவும் இடமுண்டு. இதுவே உயரத்தின் உண்மையான மதிப்பு.

உயரத்துக்கு எதிராக எழுதப்பட்ட விதிகள்

உயரத்தின் வலிமையைக் கட்டுப்படுத்த ஆட்ட விதிகளும் பலமுறை திருத்தப்பட்டன. கீழிறங்கும் பந்தை வளையத்தருகே தட்டிவிடுவதற்கு 1944-இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் தடை வந்தது. ஜார்ஜ் மைகனின் ஆதிக்கத்தைக் குறைக்க 1951-இல் என்.பி.ஏ. வளையத்தின் முன்னுள்ள பகுதியை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தியது. வில்ட் சேம்பர்லின் காலத்தில், 1964-இல் அது 16 அடியானது.

சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகள் ஓரிடத்தில் உயரமானவருக்குக் கூடுதல் சாதகம் தருகின்றன. பந்து வளையத்தில் பட்டுவிட்டால், அது வளையத்தின் மேல் இருக்கும்போதும் தடுப்பாளர் அதைத் தட்டிவிடலாம். மேலும், என்.பி.ஏ.வில் எவரையும் நெருங்கித் தடுக்காமல் வளையத்தின் முன் மூன்று விநாடிகளுக்கு மேல் தடுப்பாளர் நிற்கக் கூடாது. சர்வதேசப் போட்டிகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்தியாவில் நடைபெறும் போட்டிகள் சர்வதேச விதிகளையே பின்பற்றுவதால், வளையத்தைக் காக்கும் ஓர் உயரமான வீரரின் பயன் இங்கு இன்னும் குறையவில்லை.

வளரும் வயதில் முத்திரை குத்துவது

சிக்கல் தொடங்குவது 12, 13 வயதில். பெண் குழந்தைகளின் வளர்ச்சி வேகம் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் குழந்தைகளுடையது 14 வயதையொட்டியும் உச்சம் தொடுகிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவர் முன்னதாகவும் மற்றவர் இரண்டு ஆண்டுகள் பிந்தியும் வளரக்கூடும்.

முன்னதாக வளர்ந்த பிள்ளை வளையத்தடியில் நிறுத்தப்படுகிறது. பந்தைத் தட்டிச் செல்லவோ, தொலைவிலிருந்து எறியவோ, வெளிவட்டத்தில் கார்டுகளைத் தடுக்கவோ கற்பிக்கப்படுவதில்லை. வளர்ச்சி 178 செ.மீ. அளவில் நின்றுவிட்டால், 18 வயதில் அவர் சென்டருக்குக் குள்ளம். கார்டுக்குரிய திறனோ கையில் இல்லை. பிந்தி வளரும் பிள்ளை அதற்குள் களத்தைவிட்டே விலகியிருக்கும்.

இதற்கு மாறாக நடந்தால் என்ன விளையும் என்பதற்கு ஆந்தனி டேவிஸ் எடுத்துக்காட்டு. உயர்நிலைப் பள்ளியில் கார்டாக ஆடிக்கொண்டிருந்த அவர், இடையில் சுமார் 8 அங்குலம் வளர்ந்து 6 அடி 10 அங்குலத்தை எட்டினார். கார்டாகக் கற்ற கால் நகர்வும் பந்துக் கட்டுப்பாடும் அந்த உயரத்தோடு சேர்ந்ததே அவரது தனித்தன்மை.

ஊட்டச்சத்தும் இதில் அடங்கும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தேசிய அளவு 35.5 சதவீதம். உயரத்தை மட்டும் வைத்து நடத்தப்படும் தேர்வு, ஓரளவுக்குப் பிள்ளையின் திறமையை அல்ல, அது பிறந்த வீட்டின் வருவாயையே அளக்கிறது. பள்ளிகளில் பால், முட்டை வழங்கும் திட்டங்கள் விளையாட்டுத் துறையின் கணக்கில் வருவதில்லை. ஆனால் பத்தாண்டுகளுக்குப் பிந்தைய அணியின் சராசரி உயரத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

ஒரு சுவரும் ஓர் அளவு நாடாவும்

இவற்றைச் சீராக்கப் பெரும் செலவு தேவையில்லை. ஒரு சுவர், ஓர் அளவு நாடா, ஒரு நிறுத்துக் கடிகாரம் ஆகியவை எந்தப் பள்ளியிலும் இருக்கும். காலணியின்றி நிற்கும் உயரம், கையை உயர்த்தி எட்டும் உயரம், விரித்த கை அகலம், குதித்துத் தொடும் உயரம், பக்கவாட்டு ஓட்ட நேரம் ஆகிய ஐந்தையும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குறித்து வைத்தால், ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சி வரைபடமும் உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும்.

உட்கார்ந்த நிலை உயரத்தையும் சேர்த்துக் குறித்தால், வளர்ச்சியின் உச்சம் முடிந்துவிட்டதா, இனிதான் வரவுள்ளதா என்பதைத் தோராயமாகக் கணிக்கும் முறைகள் விளையாட்டு அறிவியலில் உள்ளன. பிந்தி வளரும் பிள்ளையை அடையாளம் காண இது உதவும்.

அளவுகளைப் பயன்படுத்தும் முறையும் மாற வேண்டும். 15, 16 வயது வரை ஒவ்வொருவரும் எல்லா இடங்களிலும் ஆடிப் பழக வேண்டும். எல்லா அளவு எதிராளிகளையும் தடுத்துப் பழக வேண்டும். கை நீண்ட, கால் வேகமுள்ள 175 செ.மீ. சிறுவன், கை குறுகிய 182 செ.மீ. சிறுவனைவிடச் சிறந்த தடுப்பாளராகக்கூடும். உயரத்தை மட்டும் கொண்ட பட்டியலில் அவனது பெயர் இரண்டாவதாகவே இருக்கும்.

மாநிலத் தேர்வாளர்களும் இதைக் கருத்தில் கொண்டால், பெங்களூருக்கு ரயிலேறி வரும் கோலார் தங்க வயல் பிள்ளைக்குச் சமமான வாய்ப்பு கிட்டும். உயரத்துக்குத் தேர்வில் இடம் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எட்டும் கை, நகரும் கால், இன்னும் வளரக்கூடிய வயது ஆகியவற்றுக்கும் அதே மதிப்பெண் தாளில் தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதே இத்தனை ஆண்டு ஆட்டங்கள் சொல்லும் முடிவு.